முன்னாள் சனாதிபதியின் கல்லைப் பார்க்கப் போனது

முன்னாள் சனாதிபதி ஒருவரின் வாழ்வையும் சாதனைகளையும் பற்றி நினைவு மலர் போடுகிறோம், தம்பலகாமத்துப் பக்கம் அவர் திறந்துவைத்த மாதிரிக் கிராமத்தைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். சாதனையைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று திருகோணமலைக்குப் போனேன். மலருக்கு எழுதுபவர்களிடம் இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை.

துறைமுகத்தடியில் காலை ஏழரைக்கு ஆட்டோ பிடித்தேன். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். போய்வர ஆயிரம் ரூபாய்.

"அண்ணை, லிங்கநகரில எங்கட மாமி இருக்கிறா," என்றார் சாரதி ரவி. "அவவின்ர வீடு அந்தக் கிராமத்திலதான். எட்டு வருஷமா ஆமி உள்ள விடேல்லை. வீடு கிடக்கோ எண்டு ஒருக்காப் பாக்கோணுமாம். ஏத்துவமே?"

"ஓம், ஏத்துங்கோ."

மாமி கையில் சாவியுடன் வந்து ஏறினார்.

"சாவி எதுக்கு மாமி? கதவு கிடக்கோ எண்டே தெரியாது."

"கிடந்தா, உன்ர தலையாலயே இடிச்சுத் திறக்கிறது? ஓட்டு."

கண்டி வீதியிலிருந்து திரும்பும் இடத்தில் இராணுவக் காவலரண். வீட்டைப் பார்க்க வந்ததாக மாமி சொன்னார். சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "வீடு ஏலாது." சனாதிபதி நாட்டிய நினைவுக்கல்லைப் பற்றி எழுத வந்தேன் என்றேன் நான். அவர் முகம் மலர்ந்தது. "கல்லு போகலாம். மூன்று பேரும் போகலாம்."

இடிந்த வீடுகளை எதிர்பார்த்தே போயிருந்தேன். இடிபாடுகூட இல்லை. ஓடு, செங்கல், நிலை, யன்னல் எல்லாம் காவலரண் கட்டப் போய்விட்டன. பற்றைக்காட்டின் நடுவே கல் மட்டும், புது வெள்ளையுடன், சுற்றிவரப் பூச்செடிகளுடன் நின்றது. "மாதம் மாதம் நாங்க பெயின்ட்," என்றார் கூட வந்த சிப்பாய், பெருமையுடன். 

மாமி கல்லுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். வலப்பக்கம் திரும்பி, வீடுகள் நின்ற வளவுகளை விரலால் எண்ணினார். பற்றைக்குள் நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார்.

"இது குசினி," என்றார், அடுப்பு இருந்த மூலையைக் காட்டி. சாவி கையிலேயே இருந்தது.

திரும்பும் வழியில் தம்பலகாமத்தைத் தாண்டினோம். பிறகு மாமி சொன்னார்: "தம்பி, அந்தக் கல்லைப் பற்றி நல்லா எழுதுங்கோ. அதையும் பிடுங்கினா எங்கட வளவு எதெண்டு எனக்கே தெரியாமப் போயிடும்."

எழுதினேன். அவருடைய சாதனை இன்றும் அசையாமல் நிற்கிறது, ஊர்மக்கள் அதை நம்பியே இருக்கிறார்கள் என்று. ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சிட்டார்கள்.

போக நினைப்பவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். கிணறுகள் தூர்ந்து கிடக்கின்றன. காவலரணில் வீடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், கல்லைப் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். ஆட்டோவில் தனியாகப் போகவேண்டாம். லிங்கநகரில் இன்னும் பலரிடம் சாவி இருக்கிறது.