ஏலத்தொட்டியில் ஊற்றிய டீ

ஃபாயினா புரோகரோவ்னாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். பிறவிக் குணம் பாதி, உத்தியோகம் பாதி. முப்பத்திரண்டு வருடம் பெர்ம் நகரத்துத் தொழிற்சாலை உணவகங்களில் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். மேசைக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, அந்த விரலைச் சமையற்காரியின் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்பாள். பதில் வரும்வரை விரலை இறக்க மாட்டாள். அதில் அழுத சமையற்காரிகள் பலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை திருடினாள். பதினோரு வருடத்துக்கு முன், மருத்துவமனை ஜன்னலில் இருந்த ஏலச்செடியிலிருந்து வேரோடு ஒரு கன்றைப் பிடுங்கிக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். கேட்டிருந்தால் தாதியே கொடுத்திருப்பாள். ஆனால் கேட்டு வாங்கிய செடி பிழைக்காது, சுட்ட செடிதான் பிடிக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கிருமியைத் தவிர வேறெதையும் நம்பாத ஃபாயினாவுக்கும் தெரியும்.

சமையலறை ஜன்னல் பலகையில் இஞ்சி, மஞ்சள், ஒரு மிளகுக்கொடி, நடுவில் ஏலம். அக்டோபர் தொடங்கி ஏப்ரல்வரை வெளியே பனி. உள்ளே சுவரோரத்து வெந்நீர்க் குழாய் காற்றை வறட்டிவிடும். குழாயின்மேல் ஈரத்துண்டு போட்டு, காலையும் மாலையும் இலைக்கு நீர் தெளித்து, பதினோரு குளிர்காலம் அதைக் காப்பாற்றினாள். இலையைத் தவிர அது எதையும் கொடுக்கவில்லை. இந்த டிசம்பரில்தான் மண்ணை ஒட்டி ஒரு பூந்தண்டு நீட்டியது. ஃபாயினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினாள். ஏழு மொட்டு. ஒன்றாவது விரிவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில்தான் நாத்தனார் லூஷா வந்து சேர்ந்திருந்தாள். கிராமத்து வீட்டில் கணப்படுப்பு இடிந்துவிட்டதாம், பனி கரையும்வரை இங்கேதானாம். சாப்பிடும்போது சப்புக் கொட்டுவாள். சீப்பை ரொட்டிக்குப் பக்கத்தில் வைப்பாள். ஃபாயினா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். டீயைத்தான் கவனிக்காமல் விட்டாள். மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, கடைசி மடக்கைச் சக்கையோடு ஏலத்தொட்டியில் கவிழ்ப்பது லூஷாவின் பழக்கம். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான், செடிக்குச் சத்து என்பார்கள்.

ஜனவரியில் ஈ வந்தது. கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக. சூப்பில் மிதந்தது, தலையணையில் ஊர்ந்தது, கண்ணோரத்தில் ஒட்டியது. ஃபாயினா ஏலத்தொட்டி மண்ணைக் கரண்டியால் கிளறினாள். கறுத்த தலையோடு வெள்ளைப் புழு பளபளவென்று நெளிந்தது. சீ, என்ன கண்றாவி! கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு லூஷாவிடம் போனாள்.

"தொட்டியில டீ ஊத்தினியா?"

"ஊத்தினேன். அதனாலதானே மொட்டு விட்டிருக்கு? பதினோரு வருஷம் உன் பச்சைத் தண்ணியக் குடிச்சு அது என்னத்தக் கிழிச்சுது?"

"உன்ன மாதிரி ஆளுங்களாலதான் நான் எத்தனையோ சமையலறையப் பூட்டினேன்."

"இதையும் பூட்டிடேன், ஃபாயா. நான் படுக்கையில உக்காந்து சாப்பிட்டுக்கறேன்."

ஃபாயினா மண்ணில் மணல் தூவினாள், புகையிலைத் தூள் போட்டாள். ஈ குறையவில்லை. மண்ணையே மாற்றிவிடலாம், ஆனால் வேரை அசைத்தால் மொட்டு உதிர்ந்துவிடும். அதனால் மூக்கைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒருநாள் காலை, லூஷா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். ஃபாயினா புளித்த பாலாடையை ஒரு கரண்டி வாயில் போட்டாள். நாக்கில் ஏதோ நகர்ந்தது. துப்பினாள். ஈ இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் இருட்டியது. அத்தனையும் தொலையட்டும் என்று ஜன்னலின் மேல்மூலையில் இருந்த குட்டிக் கதவை விரியத் திறந்து, துண்டை வீசி விரட்டினாள். அப்படியே குளியலறைக்கு ஓடி நாக்கை பிரஷால் தேய்த்தாள். கொப்பளித்தாள், திரும்பத் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் அந்த நகர்வு நாக்கைவிட்டுப் போகவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி உறைகுளிர்.

லூஷா திரும்பி வந்துதான் அந்த ஜன்னல் கதவைச் சாத்தினாள். இலையெல்லாம் கண்ணாடியாக விறைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. ஃபாயினா பூந்தண்டைத் தொட்டாள். மொட்டுகள் நசுங்கி விரலில் கறுப்பாகப் பிசுபிசுத்தன. குழாய்ச் சூட்டில் மண்ணுக்குள் கிடந்த புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கைப் போட்டதும் இரண்டு ஈ எழும்பிப் பறந்தது.

பழக்கதோஷத்தில் அவள் விரல் லூஷாவின் மூக்குக்கு நேரே நீண்டது. கேள்வி வருவதற்குள் லூஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான், ஃபாயா. டீய ஊத்தினது நான்தானே."

முப்பத்திரண்டு வருடத்தில் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. ஃபாயினா விரலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஜன்னலத் திறந்தது நான்" என்றாள். தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

லூஷா டீ ஊற்றி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டு அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். கோப்பையில் ஓர் ஈ விழுந்து சுற்றியது. லூஷா பதறிப்போய்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். ஃபாயினா விடவில்லை. அந்தக் கறுத்த விரலாலேயே ஈயை ஓரமாகத் தள்ளிவிட்டு, சக்கை பல்லில் தட்டும்வரை குடித்தாள். தொட்டிக்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.