நெல் காய்ந்த தெருவில் நாலரை மணி

தெருக்கலை விழாவில் மேடை கிடையாது, திரை கிடையாது. நடக்கிற அத்தனை குளறுபடிக்கும் கையில் பட்டியல் வைத்திருப்பவர்தான் பொறுப்பு. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று வருடமாக அந்தப் பட்டியலைச் சுமப்பவள் நான். கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

நாள் பார்த்த லட்சணம்

மூன்றாவது விழாவுக்கு நானே நாள் குறித்தேன். பரீட்சை முடிந்திருக்க வேண்டும், முகூர்த்தம் இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் கோயில் திருவிழாவோ சர்ச் விசேஷமோ கூடாது. எல்லாம் விசாரித்து சித்திரையில் ஒரு சனிக்கிழமையைப் பிடித்தேன். மணிப்பூர் மத்தளக்காரர்கள், கேரளத்துச் செண்டைக் குழு, பிரான்சிலிருந்து காலில் நெட்டைக் கட்டை கட்டி ஆடும் கட்டைக்கால் கலைஞர்கள் என்று எல்லாருக்கும் டிக்கெட் போட்டாயிற்று.

அன்று காலை போய்ப் பார்த்தால் தெருவையே காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நெல் காய்கிறது. அறுவடை சமயத்தில் இங்கே தார் ரோடுதான் களம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நாள் குறிக்கும்போது மட்டும் மறந்துவிட்டது. நெல்லுக்குச் சொந்தக்காரர் ராமலிங்கம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஊரு ஒலகத்தயெல்லாம் கேட்டு நாளு வெச்சிக்கிற, சரி. வயல ஒரு வாட்டி எட்டிப் பாத்தியாம்மா?"

காலா, செருப்பா

கெஞ்சியதில் ராமலிங்கம் ஒரு பக்கமாக நெல்லை ஒதுக்கி வழி விட்டார். ஒரே நிபந்தனை, செருப்புக் காலோடு யாரும் நெல்லை மிதிக்கக் கூடாது. பதினோரு மணிக்குக் கட்டைக்கால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒத்திகைக்கு நடந்தார். நாலாவது எட்டில் தடுமாறி ஒரு கட்டை நெல்லுக்குள் இறங்கிவிட்டது. கட்டையின் அடியில் ரப்பர் இருக்கிறது, அது செருப்புதான் என்றார் ராமலிங்கத்தின் மனைவி. காலோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் கால்தான் என்று நான் வாதாடினேன். பிரெஞ்சுக்காரர் கூரை உயரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களில் ஒருத்தி ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். அவள்தான் செல்வி. காலனிப் பெண்கள் பறைக் குழுவின் தலைவி. அந்த எட்டுப் பேரும்தான் குழு, அன்றைக்கு எட்டுப் பேருமே ராமலிங்கத்திடம் கூலிக்கு வந்திருந்தார்கள். செல்வி இரண்டு கட்டையையும் நனைய நனையக் கழுவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"செருப்புன்னா கயட்டணும். இத்த கயட்டுனா ஆளு வுயுந்துடுவாரு. அப்ப காலுதான்."

முதல் இடம்

முந்தைய இரண்டு வருடமும் செல்வியின் குழுவைக் கடைசியில் போட்டிருந்தோம். முதல் வருடம் அவர்கள் முறை வருவதற்குள் சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டது. இரண்டாம் வருடம் நேரமில்லை என்று ஐந்தே நிமிடத்தில் நிறுத்தச் சொன்னோம். சொன்ன வாய் என்னுடையது. அந்த வெட்கம் வருடம் முழுக்க என்னை விடவில்லை. அதனால் இந்த முறை நாலரை மணிக்கு முதல் ஆட்டம் உங்களுடையதுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மத்தியானம் ராமலிங்கம் வந்து, நெல் மூட்டை கட்டி முடிகிற வரைக்கும் பெண்களை விட முடியாது, மணிப்பூர்க்காரர்களை முதலில் விடுங்கள் என்றார். சென்னையிலிருந்து விழாக் குழுவும் போனில் அதையே சொன்னது. சுலபமான வழிதான். முடியாது என்றேன். செல்வியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அதுக்குத்தான் எட்டு மணிக்கு வர்ற நாங்க இன்னிக்கு ஆறுக்கே வந்துக்கீறோம். நாலு மணிக்கு எங்க கூலி முடிஞ்சிடும் மேடம். நீ பேப்பர மாத்தாத."

மேகம்

மூன்றே முக்காலுக்கு ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பாதி நெல்தான் குவிந்திருந்தது. நாலு மணிக்குச் செல்வி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள், மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள். நான் ஓடிப்போய் வெளியூர்க் கலைஞர்களை அழைத்தேன். மணிப்பூர்க்காரர்கள் ஊரில் விவசாயிகளாம், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். செண்டைக்காரர்கள் தார்ப்பாய் பிடித்தார்கள். இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஜல்லியையும் சேர்த்துக் கூட்டினார்கள், அவர்களைத் தடுக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஈரக்காற்றில் பறைத்தோல் தொய்ந்துவிட்டது. சூடு காட்டப் பெண்கள் ராமலிங்கத்தின் போரிலிருந்தே வைக்கோல் உருவிவந்து கொளுத்தினார்கள். நாலரைக்கு எட்டுப் பறையும் தோளில் ஏறின. ராமலிங்கம் கிட்டே வந்தார். அதட்டத்தான் வருகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். அவரோ, இன்னும் பத்து நிமிஷம் கை கொடுங்கள் என்று கேட்டார். கேட்டது கெஞ்சலாகத்தான் இருந்தது. செல்வி என்னை ஒதுக்கிவிட்டு, நெல் தள்ளும் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எப்பவும் நீங்க நிக்கிறீங்க, நாங்க குவிக்கிறோம். இன்னிக்கு நாங்க அடிக்கிறோம், நீங்க குவிங்கய்யா."

முதல் அடி விழுந்தது. ராமலிங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

உலகத்துக் கலைஞர்களை ஒரே தெருவில் கொண்டுவந்து நிறுத்த நாலு டிக்கெட் போதும், ஒரே ஊர்க்காரர்களை நிறுத்தத்தான் மழை மேகம் வரைக்கும் தேவைப்படுகிறது.