அம்மாவின் பெயருக்கு வந்த கடிதங்கள்

எனக்கு அப்போது பத்து வயது. அகதியாக வந்த நாட்டில், பார்க்டேல் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். வீட்டில் ஆங்கிலம் சரளமாக வாசிப்பவள் நான்தான் என்பதால், வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அதை ஒரு பதவியாகவே நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எனக்குக் காலுறை வாங்க அம்மா ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார். காசு கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டும்போது, சாதாரண உடுப்பில் நின்ற கடைக் காவலர் ஒருவர் எங்களை மறித்தார். பின்பக்க அறையில் வைத்து அம்மாவின் கோட் பைக்குள் இருந்து ஒரு லிப்ஸ்ரிக்கை எடுத்தார்கள். கடும் சிவப்பு. அம்மா உதட்டுக்கு எதுவும் பூசி நான் கண்டதில்லை.

“மறந்துபோய் வைச்சிட்டன் எண்டு சொல்லு,” என்றார் அம்மா.

சொன்னேன். அந்த மனிதர் நம்பியதாகத் தெரியவில்லை. அம்மாவின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, இனி இந்தக் கடைக்கு வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார். பொலிஸைக் கூப்பிடவில்லை. அன்று பின்னேரம் அம்மாவே அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்கு நேரமாகியிருந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். சில கிழமைகளில் கடையின் சட்டத்தரணி எழுதிய கடிதம் வந்தது. திருட்டைப் பிடிக்கக் கடைக்கு ஏற்பட்ட செலவுக்காக அம்மா சில நூறு டொலர் கட்டவேண்டும், தவறினால் வழக்கு. லிப்ஸ்ரிக்கோ பத்து டொலர்கூட இல்லை. அதுவும் கடைக்கே திரும்பிப் போய்விட்டது.

எங்கள் அகதி வழக்கு முடிவாகாத காலம் அது. அப்பா பயந்துபோய் என்னைக் கூட்டிக்கொண்டு இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த பெண்மணி, இது அபராதம் அல்ல, வெறுமனே கேட்கிறார்கள், கட்டத் தேவையில்லை என்றார். நீதிமன்றத்திலிருந்து ஏதும் வந்தால் மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னார்.

“எங்கட கேசுக்கு இதால பிரச்சினை வருமோ எண்டு கேள்,” என்றார் அப்பா.

பொலிஸுக்குப் போகாத விஷயம், வராது என்றார் அவர். அப்பாவுக்கு மூச்சு வந்தது. “அப்ப பேசாமல் விடுவம்.”

ஆனால் கடிதங்கள் பேசாமல் விடவில்லை. அடுத்ததில் தொகை கூடியிருந்தது. நான் குசினி வாசலில் நின்று, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்து, “நீங்கள் செய்த திருட்டுக்காக” என்று தமிழில் திருத்தமாகச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“சரி, காணும்,” என்றார் அப்பா. எனக்கோ இன்னும் ஒரு பந்தி மிச்சமிருந்தது. அதையும் வாசித்தேன்.

அதற்குப் பிறகும் ஒன்று வந்தது. அதையும் வாசித்து முடித்தேன். மறுநாள் பேக்கரி வேலை முடிந்து வரும் வழியில், அம்மா தபால் கந்தோரில் மணி ஓடர் எடுத்து முழுத் தொகையையும் அனுப்பிவிட்டு வந்தார்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. “குடுக்கத் தேவையில்லை எண்டு அந்த மனிசி சொன்னதெல்லோ?”

“ஓம், சொன்னதுதான்,” என்றார் அம்மா, கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடி. “எனக்குக் களைச்சுப் போச்சு.”

பேக்கரியில் நாள் முழுக்க நின்ற களைப்பு என்று நினைத்து, நான் கீழே இருந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன். வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை.