கப்பல் போன நேரம்

புலம்பெயர்ந்து வந்த துன் நகரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். கடலுக்கடியில் பதிவான ஒலியைக் கேட்டு, திமிங்கிலங்களின் குரல்களை எண்ணுவேன். அதை வைத்து அங்கே எத்தனை திமிங்கிலங்கள் இருக்கும் என்று கணிப்போம். கப்பல் இரைச்சலில் எதுவும் கேட்காத நேரத்துக்கு 'தெரியவில்லை' என்றுதான் குறிக்க வேண்டும்.

ஒரு கப்பல் நிறுவனத்துக்காகக் கணித்தபோது, அப்படி நான் குறித்த இடங்களையெல்லாம் பூச்சியமாக்கச் சொன்னார் மேலாளர். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

"கேக்கேல்லை எண்டால் திமிங்கிலம் இல்லைத்தானே, தங்கச்சி. கப்பல்காரருக்கும் அதுதான் விருப்பம்" என்றார், பாணைக் கோப்பியில் தோய்த்தபடி.

"இது பொய், அண்ணை. நான் மாத்தமாட்டன்" என்றேன். அந்த நேரம் பார்த்து யன்னலோரம் ரயில் தடதடத்துப் போனது.

"என்ன சொன்னனீர்? ரயில் சத்தத்தில கேக்கேல்லை."

"அப்ப நான் இஞ்ச இல்லை எண்டு எழுதுங்கோ, அண்ணை."

வாய் நிறைய மென்றபடி சிரித்தார். பிறகு தானே உட்கார்ந்து பூச்சியங்களைப் போட்டார்.

சீ என்று ஆகிவிட்டது. அந்த வேலையை விட்டேன். இன்றும் எந்த அறிக்கையிலாவது 'இல்லை' என்று கண்டால், அந்த நேரம் யாருடைய கப்பல் போனது என்றுதான் யோசிக்கிறேன்.