பஞ்சு வைத்துப் பேசிய ஆங்கிலம்

பல் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக நோயாளிகளின் கன்னத்துக்குள் பஞ்சு வைப்பவள் அவள். எல்லோருக்கும் பஞ்சக்கா. பழைய டாக்டர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்து வரும் டாக்டரம்மாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், அதைப் பேசத் தெரிந்தவரைத்தான் உதவிக்கு வைத்துக்கொள்வார் என்று கேள்விப்பட்ட அன்றே பஞ்சக்கா ஓர் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் வாங்கினாள்.

முதலில் கணவரிடம் பேசிப் பார்த்தாள். பஸ் மெக்கானிக்கான அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தமிழ்லயே உனக்குப் பதில் சொல்ல முடியாம முழிக்கிறேன். இதுல இங்கிலீஷ் வேறயா?"

மிஞ்சியவர்கள் நோயாளிகள். பஞ்சைக் கடித்திருக்கும் பத்து நிமிடமும் அவர்களால் எழுந்து ஓட முடியாது.

"வேர் டூ யூ லிவ்?"

"ஆ..."

"வெரி குட். டூ யூ லைக் ஆப்பிள்?"

"ஆஆ!"

மூன்று மாதத்தில் அறுபது பாடமும் முடிந்தது.

"நீ பேசுறது சரியான்னு யாரு சொல்றது?" என்றார் பழைய டாக்டர்.

"இதுவரைக்கும் யாருமே தப்புன்னு சொல்லலையே சார்!"

மறுக்க ஆளில்லாத இடத்தில் எல்லாக் கொள்கைகளும் உறுதியாகத்தான் நிற்கின்றன.

புது டாக்டரம்மா வந்தார். பஞ்சக்கா முந்திக்கொண்டு, "வேர் டூ யூ லிவ்?" என்றாள். அவர் சிரித்தபடி பதில் சொன்னார், முழு முழு வாக்கியங்களாக. பஞ்சக்காவுக்கு வியர்த்துவிட்டது. கேள்வி கேட்டால் பதில் வரும் என்பதை அவள் யோசித்ததே இல்லை. கடைசியில் டாக்டரம்மா சொன்ன "சாரி" மட்டும் தெளிவாகப் புரிந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டபோது டாக்டரம்மா முதல் நோயாளியின் பக்கம் திரும்பியிருந்தார். வாய் நிறையப் பஞ்சோடு ஒரு பெரியவர்.

"ஆஊ ஆ ஈ!"

டாக்டரம்மா விழித்தார். என்னவென்று கேட்டார்.

"ஆஊ ஆ ஈ!"

பஞ்சக்கா வாசலிலிருந்தே சொன்னாள்: "லெஃப்ட் சைட். பேக் டூத். கோல்ட் வாட்டர், பெயின்."

பெரியவர் தலையை வேகவேகமாக ஆட்டினார். டாக்டரம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலை அவளை நோக்கித் தள்ளினார். பஞ்சக்கா பையை ஆணியில் மாட்டினாள்.

பெரியவர் பஞ்சைத் தானே உருவினார். "ரொம்ப நன்றிம்மா. ஆனா நான் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். நீ இப்ப பேசினதுல நாலு தப்பு..."

"வாயைத் திறங்க சார்," என்றாள் பஞ்சக்கா, புதுப் பஞ்சை எடுத்தபடி. "இன்னும் வேலை முடியல."