உள்ளே நாய், வெளியே செபமாலை

வீடு தேடிப் போய் ரத்தம் எடுக்கும் தொழிலில், ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். நாய்க்குப் பயப்படுகிறவள் வாசலில் நிற்பாள். அந்த வாசலில் நிற்பவள் நான்தான். கூரியர் கொடுப்பவர்களே, சிலிண்டர் இறக்குபவர்களே, கரண்ட் மீட்டர் பார்க்கப் போகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். "ஒண்ணும் செய்யாது, சும்மா வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அப்படிச் சொல்கிறவர் எப்போதும் நாய்க்குப் பின்னால்தான் நிற்பார்.

ஒன்பது வயதில் சிங்கம்புணரிச் சந்தையில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அதற்குப் போட்ட ஊசிகளில் எனக்கு ஊசிப் பயம் போய்விட்டது, நாய்ப் பயம் மட்டும் தங்கிவிட்டது. பிறகு காரைக்குடியில் ஒரு லேபில் பதினோரு வருடம் உட்கார்ந்த இடத்திலேயே ரத்தம் எடுத்தேன். எந்த நாயும் சர்க்கரை பார்க்க லேபுக்கு வரவில்லை என்பதால் காலம் நிம்மதியாகப் போனது. போன வருடம், வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த மாரிமுத்து அண்ணன் திருப்பூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். லேபில் உட்கார ஓர் ஆள் போதும், வீட்டுக்குப் போகத்தான் ஆள் வேண்டும் என்றார் முதலாளி. ஒரு மாதம் போய்ப் பார், முடியவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்பது அதன் மீதிப் பாதி. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நாற்பத்து மூன்று வயதில் நான் வேறு எந்த இடத்தைப் பார்ப்பது? அன்று சாயங்காலம் கோயில் வளாகத்தில் குகை மாதிரிக் கட்டியிருக்கும் மாதா கெபி முன்னால் முழங்காலில் நின்று, காரைக்குடியில் இருக்கிற எல்லா நாயையும் ஆண்டவர் கட்டிப்போட வேண்டும் என்று மன்றாடினேன்.

முதல் வாசல்

முதல் நாள் செக்காலைப் பக்கம் ஒரு வீடு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை. நாய் என்றிருந்தாலே எனக்குப் போதும், இதில் 'கள்' வேறு. பையிலிருந்து செபமாலையை எடுத்தேன். பத்து மணி உருட்டிச் செபம் சொல்லி முடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தேன். பத்து முடிந்தது, தைரியம் வரவில்லை. இன்னொரு பத்து சொன்னேன். மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிகிற நிலைமைக்கு வந்தபோது லேபிலிருந்து போன் வந்தது. வரவேற்பில் இருக்கும் பாண்டிச்செல்வி, சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

அந்த வீட்டில் நாயே கிடையாதாம். முன்னால் குடியிருந்தவர்கள் மாட்டிய பலகையாம். உள்ளே இருந்த பெரியவர் ஜன்னல் வழியாக என்னை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லேபுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "வாசல்ல ஒரு அம்மா கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாக. ரத்தம் எடுக்க வந்தவுகளா, ஊழியத்துக்கு வந்தவுகளான்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்குப் பசி உயிர் போகுது."

ஊர்வலம்

எங்கள் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதாவது, ஒவ்வொரு நாயையும் ஒரே நாளில் இரண்டு முறை சந்திக்க வேண்டும். காலையில் எப்படியோ தப்பித்து வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே, பத்து மணிக்குத் திரும்ப வர வேண்டுமே என்ற நினைப்பும் பின்சீட்டில் ஏறிக்கொள்ளும்.

சமாதானமாகப் போய்விடலாம் என்று பிஸ்கட் வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் பிஸ்கட் விஷயம் நாய்களுக்குள் பரவிவிட்டது. வீட்டு நாய்கள் சும்மா இருந்தன; தெரு நாய்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே எழுந்து வந்தன. ஒரு நாள் நான் பயத்தில் வேகத்தைக் கூட்ட, அவை பாசத்தில் வேகத்தைக் கூட்ட, எல்லோரும் ஒன்றாக லேப் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நான் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். பாண்டிச்செல்வி கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, வார்டு எலெக்சனுக்கு நிக்கிறீகளா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லையே."

இரண்டு பாட்டில்

பிஸ்கட்டைக் கைவிட்டேன். வேளாங்கண்ணி போய்விட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா எனக்குக் கொஞ்சம் தீர்த்தம் கொடுத்திருந்தார். அதை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அதில்தான் என் புத்தியைப் பாருங்கள். காலியான ஸ்பிரிட் பாட்டிலைக் கழுவி, அதிலேயே ஊற்றியிருந்தேன். பையில் ஏற்கெனவே ஒரு ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே நீல மூடி.

திருப்பத்தூர் ரோட்டில் ஒரு நகை ஆசாரி வீடு. படியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. பாட்டிலைத் திறந்து படியில் நான்கு சொட்டுத் தெளித்தேன். நாய் முகர்ந்து பார்த்தது, மூன்று தும்மல் போட்டது, எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீரோடு மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். ஆசாரி தினமும் நெருப்போடு வேலை செய்கிற மனுசன், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பஞ்சை நனைத்துக் கையைத் துடைத்தேன். "எப்பவும் சில்லுனு வாட அடிக்குமே, இன்னைக்கி ஒண்ணையும் காணோம்" என்றார். பஞ்சை மூக்கருகே கொண்டுபோனேன். எனக்கு விளங்கிவிட்டது. நல்லவேளை, ஊசியை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

மறைக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே சரியான பாட்டிலால் துடைத்து ரத்தமும் எடுத்துவிட்டேன், ஊசி போனதே அவருக்குத் தெரியவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார். "நாய்க்கு ஸ்பிரிட்டு, எனக்குத் தீர்த்தம். ரெண்டு பேருக்கும் பயம் போயிருச்சு. மருந்த மாத்திக் குடுத்தாலும் வேல செய்யிது தாயி."

ஃபாதரிடம் போனது

அவருக்குப் பயம் போனது, எனக்குப் போகவில்லை. மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், அப்போது எங்கள் பங்குக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஃபாதர், என் தலையில் கை வைத்துச் செபம் பண்ணுங்கள், இந்தப் பயம் வேரோடு போக வேண்டும் என்று கேட்டேன். இவ்வளவு செபம் சொல்லியும் பயம் இருக்கிறதென்றால் என் விசுவாசத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறதோ என்றும் கேட்டேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியார் தூரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபாதர் என் தலையில் ஒரு கையையும் தன் நெஞ்சில் ஒரு கையையும் வைத்து, எங்கள் இருவருக்கும் சேர்த்துச் செபித்தார். எதற்கு இரண்டு பேருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. முடித்துவிட்டு ரகசியமாகச் சொன்னார். "அக்கா, தீர்த்தம் தெளிச்சு வீடு மந்திரிக்கப் போறப்பல்லாம் நான் ஏன் உபதேசியாரை முன்னால நடக்க விடுறேன்னு நினைக்கிறீங்க?"

இரண்டு தெரு வீடு

அன்றோடு என் செபம் சுருங்கியது. ஃபாதருக்கும் பயம் இருக்கிறது, அதோடுதான் அவர் வீடு வீடாகப் போகிறார் என்றால், எனக்கு மட்டும் ஆண்டவர் தனிச் சலுகை கொடுக்க மாட்டார். ஆகவே நாயைக் கட்டிப்போடும் என்பதை விட்டுவிட்டேன். 'ஆண்டவரே, கூட வாரும்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டும் நான் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பள்ளத்தூரில் வள்ளியம்மை ஆச்சி என்று ஒருவர். அறுபது வயது, தனியாக இருக்கிறார், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். ஆச்சி புழங்குவது பின்கட்டில், அடுப்படிப் பக்கம். பின்வாசலுக்குப் பூட்டு. முன்வாசல் திறந்திருக்கும், மணி அடித்தால் உள்ளே கேட்காது, போன்தான் போட வேண்டும். வளவில், வானம் பார்த்த முற்றத்தின் ஓரமாக, கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. நான் முகப்பிலேயே நின்று போன் போட்டேன். நாயைப் பிடித்துக்கொள்ள வருவதாகச் சொன்னார். வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை. கால் மணி நேரம் போனது. மறுபடி போட்டபோது ஆச்சியின் பேச்சு குழறியது. நீங்கள் யார், எந்த ஊர் என்று என்னையே கேட்டார். பிறகு போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது, ஆச்சிக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. இது எங்களிடம் சர்க்கரை பார்க்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு. வெறும் வயிற்றோடு இருங்கள் என்றால் சாப்பாட்டை நிறுத்துவார்கள், காலை இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்வார்கள். ஆச்சி ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் எனக்காகக் காத்திருக்கிறார். நான் ஒரு நாய்க்குப் பயந்து அந்த அம்மாவின் உயிரோடு கால் மணி நேரம் விளையாடியிருக்கிறேன். தெருவில் ஆள் இல்லை. செபமாலை எடுக்க நேரமும் இல்லை. கூட வாரும், கூட வாரும் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தேன். நாய் எழுந்தது, உறுமியது. தூண் தூணாகக் கடந்தேன். அது என் பக்கத்திலேயே, என் காலை முகர்ந்துகொண்டு வந்தது. கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. நடுங்குகிற காலும் நடக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆச்சி அடுப்படிச் சுவரில் சாய்ந்து கிடந்தார், உடம்பெல்லாம் வேர்வை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறந்தார், விழுங்கவும் முடிந்தது. சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். விரலில் குத்திப் பார்த்தால் ஐம்பதுக்கும் கீழே. அவருடைய டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடியே செய்தேன். கால் மணி நேரத்தில் அளவு ஏறியது, முகம் தெளிந்தது, இட்லி சாப்பிட்டார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்கு இடது பக்கம் நாய் உட்கார்ந்திருந்தது, அதை அப்போதுதான் கவனித்தேன். ஆச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது ஒங்கள உள்ள விட்ருச்சா ஆத்தா? எங்க சம்பந்தி மூணு வருசமா முகப்பத் தாண்டி வந்ததில்லையே."

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

முதலாளி வேலையை எனக்கே உறுதி செய்துவிட்டார். அடுத்த மாதம் ஆச்சிக்குக் கண்ணில் ஆபரேஷன் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் ரத்தம் எடுக்கப் போனேன். நாய் உறுமியது, என் கால் நடுங்கியது, இரண்டு பேரும் பழக்கப்படி சேர்ந்து உள்ளே போனோம். தன்னந்தனியாக இந்த வீட்டைக் கட்டி ஆளுகிற ஆச்சியின் கை அன்று ஐஸ்கட்டியாக இருந்தது. கண்ணில் கத்தி வைப்பார்களே என்று பயம். அன்றைக்கு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தீர்களே, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான், பயம் போகாது, ஆனால் போக வேண்டிய இடத்துக்கு நாம் போய்விடலாம் என்றேன். என் வாயால் அதைச் சொல்லக் கேட்டபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. உங்களுக்காக ஆண்டவரிடம் வேண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

ஆச்சி சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார், என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார், முடிவுக்கு வந்தார். "நீங்க அங்குட்டு இருந்து சொல்லுங்க, நான் இங்குட்டு இருந்து சொல்றேன். கூப்புட்ட கொரலுக்கு வராமலா போயிருவாக?"

ஆண்டவரிடம் நான் தைரியம் கேட்டேன், அவரோ தினமும் காலையில் எட்டு வீட்டு விலாசத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். போய்ப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.