மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு பாத்தி

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு. தொடக் கூடாது," என்கிறாள் யிட்ஸ்கே, பாத்தியோரம் மண்டியிட்டபடி. கையில் கத்தரிக்கோல் இல்லை. அதை எங்கள் தோட்டச் சங்கத்துக் கொட்டகையில் மறந்துவிட்டாளாம். ஐந்தாவது ஆண்டாக மறக்கிறாள்.

ஹார்லெம் நகரில் முப்பது ஆண்டுகள் வீடுவீடாகத் தபால் கொடுத்தவள். அவள் அலமாரியில் துண்டுகளின் மடிப்புகள்கூட ஒரே பக்கம் பார்க்கும். அப்படிப்பட்டவளைக் குட்டித் திராட்சை என்கிற பூச்செடி கெடுத்துவிட்டது. ஏப்ரலில் நீலக் கொத்துகளாய்ப் பூத்துத் தள்ளும். பூ முடிந்ததும் இலைகள் தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி பாதைவரை சரிந்து கிடக்கும். அவை தாமாகக் காய்ந்தால்தான் அடியிலுள்ள கிழங்குக்குச் சாப்பாடு; அடுத்த வசந்தத்தில் பூ. "வாய்க்குப் போற ரொட்டிய யாராச்சும் தட்டி விடுவாங்களா?" என்று என்னைக் கேட்பாள், நான் ஏதோ தட்டிவிட்டது போல.

சங்கத்துக்கு அது வெறும் களை. இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. இரண்டையும் முகவரியில் பிழை என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். பலிக்கவில்லை. மூன்றாவது வந்தால் பாத்தி வேறொருவருக்குப் போய்விடும்.

போன சனிக்கிழமை தலைவர் ஹார்மென் பார்வையிட வந்தார். நல்ல வெயில். யிட்ஸ்கே இலைகளின் நடுவே முக்காலியில் அமர்ந்து, தபால் வேலைக்குப் போட்ட பழைய மழைக்கோட்டைச் சுற்றிலும் விரித்துப் போட்டிருந்தாள். பக்கத்துப் பாத்திக்காரி என்பதால் காப்பி ஊற்றும் வேலை எனக்கு. பாதி தட்டில்தான் விழுந்தது.

"கொஞ்சம் எந்திரிங்க, யிட்ஸ்கே."

"முட்டி பிடிச்சுக்கிச்சு, தலைவரே. பிஸ்கட் எடுத்துக்கங்க. இன்னொண்ணும் எடுங்க."

ஆளுக்கு ஒன்று கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுகிறவள் அவள். ஹார்மென் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார். கோட்டின் ஓரத்தில் எட்டிப் பார்த்த பச்சை நுனியையும் பார்த்தார். மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

"முட்டி சரியாக எத்தன நாளாகும்?"

"மூணு வாரம். தானாவே சரியாயிடும்."

"அதுக்கு மேல இழுக்காதுல்ல?"

"இழுக்காது."

தாளில் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

அவர் முதுகு வேலிக்கு அப்பால் மறைந்ததும், முட்டி பிடித்தவள் துள்ளி எழுந்தாள். கோட்டை விலக்கினாள். இலைகள் தரையோடு அமுங்கிக் கிடந்தன. கொண்டையிலிருந்த சீப்பை உருவி, மண்டியிட்டு, ஒவ்வொரு கொத்தாக வாரிவிடத் தொடங்கினாள்.